பெஞ்சு பார்த்த திசை

ஜூன் 12, திங்கள்

நேற்று சாயங்காலம் டேங்க் பார்க்கில் ஒரு குழந்தைக்குக் கையில் அடிபட்டுவிட்டது. ஆறு வயதுப் பெண், பெயர் ஹாஜிரா. சுற்றுகிற ராட்டினத்தின் தட்டுக்கும் தரையில் பதித்த இரும்பு வளையத்துக்கும் நடுவில் உள்ள சந்தில் வலது கை விரல்கள் மாட்டிக்கொண்டன. மற்ற பிள்ளைகள் அது தெரியாமல் சுற்றியிருக்கிறார்கள். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மேல் கணு போய்விட்டது. திருச்சிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

காலை ஏழு மணிக்கு எங்கள் நகராட்சிப் பொறியாளர் தட்சிணாமூர்த்தி சார் போன் செய்து சொன்னார். ஒன்பது மணிக்கு அளவு டேப்போடு போனேன். பார்க்கைப் பூட்டிவிட்டார்கள். சந்து பதினெட்டு மில்லிமீட்டர். எட்டுக்குக் கீழே இருந்தால் பிள்ளை விரல் உள்ளே போகாது. இருபத்தைந்துக்கு மேலே இருந்தால் போன விரல் தானாக வெளியே வந்துவிடும். நடுவில் இருப்பதுதான் ஆபத்து. விரலை வாங்கிக்கொள்ளும், விடாது.

போன வருடம் மே மாதம் இந்தப் பார்க் வேலை முடிந்தபோது ஆய்வு செய்து கையெழுத்துப் போட்டது உதவிப் பொறியாளரான நான்தான். அப்போது அளவு சரியாகத்தான் இருந்தது. மழையில் மண் அமுங்கி வளையம் நகர்ந்திருக்கும்.

மகள் நிறைமதிக்கு யூனிபார்ம் தைக்கக் கொடுத்தது இன்றும் வரவில்லை. பழையதையே போட்டுக்கொண்டு போனாள், பாவாடை முழங்காலுக்கு மேலே நிற்கிறது.

ஜூன் 13, செவ்வாய்

பார்க் வாட்ச்மேன் சவரிமுத்துவை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விளையாட்டுப் பகுதியை ஆறு மணிக்கு மூட வேண்டும் என்று போர்டு இருக்கிறது. விபத்து நடந்தது ஆறு இருபதுக்கு. அது போதும் என்று நகராட்சி ஆணையர் சொல்லிவிட்டார்.

தட்சிணாமூர்த்தி சார் என்னை உள்ளே கூப்பிட்டார்.

“நம்ம பக்கம் பேப்பரெல்லாம் சுத்தமா இருக்குல்ல செண்பகம்?”

“இருக்கு சார்.”

“அப்ப ஒண்ணும் பயமில்ல. மண்டல ஆபீஸ்லருந்து விசாரணைக்கு வருவாங்க. அது ஒரு சடங்கு.”

ஜூன் மாதத்தில் ஆறு மணிக்கு வெளிச்சம் நன்றாகவே இருக்கும். வெயில் தாழ்ந்து பிள்ளைகள் வருவதே ஐந்தரைக்குத்தான். ஆறு மணி என்று போர்டில் எழுதியது யார் என்று தெரியவில்லை.

ஜூன் 14, புதன்

டேங்க் பார்க்கைத் திருத்தி அமைக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அதோடு, ஊரில் இனி வரப்போகிற பார்க், விளையாட்டுத் திடல், நடைபாதை எல்லாவற்றுக்கும் பொதுவான வடிவமைப்பு நெறிகளை எழுதித் தர வேண்டுமாம். ஒரு மாதம் அவகாசம். வேலை எனக்கு.

சாயங்காலம் நடைபாதையை மட்டும் திறந்துவிட்டார்கள். ஒரு ஓரத்தில் நின்று பார்த்தேன். இந்தப் பார்க்குக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், ஆனால் ஆட்கள் இருக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்ததில்லை.

பார்த்தவை: பெண்கள் உட்காருவதைவிட நிற்பதுதான் அதிகம். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்தான் நிழல் இருக்கிறது, அங்கே சீட்டாடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. சுற்றிலும் நட்டிருப்பது நெட்டிலிங்கம். வரைபடத்தில் அழகாக இருக்கும், தரையில் கைக்குட்டை அளவுக்குக்கூட நிழல் விழாது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் முக்கால் மணி நேரத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளை ஒருத்திகூட இல்லை.

பெஞ்சுகள் நீரூற்றைப் பார்த்துப் போடப்பட்டிருக்கின்றன. நீரூற்று ஓடி எட்டு மாதம் ஆகிறது. ராட்டினமும் ஊஞ்சலும் பெஞ்சுக்கு முதுகுப் பக்கம். உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஜூன் 16, வெள்ளி

சறுக்குமரத்தின் தகடு மேற்கைப் பார்த்து இருக்கிறது. நாலரை மணிக்குக் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். மேல் தட்டின் கம்பிகளுக்கு நடுவே பன்னிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. இதுவும் நடுவில் நிற்கிற அளவுதான். குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை நுழையாது. ஊஞ்சலுக்குக் கீழே சிமென்ட்.

ஒவ்வொன்றையும் அளந்து எழுதிக்கொண்டேன். எழுத எழுத ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

போன வருடம் மே 27 அன்று ஆய்வுக்கு நான் பார்க்குக்குப் போனது உண்மை. வண்டியின் லாக் புக்கில் இருக்கிறது. பகல் இரண்டே கால் மணி.

ஜூன் 18, ஞாயிறு

சவரிமுத்துவின் வீட்டுக்குப் போனேன். எந்த நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், மாதா கோவில் தெருவில் ஒரே அறை வீடு. ஐம்பத்தெட்டு வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார்.

நேரமெல்லாம் சரியாகச் சொன்னார். காலையில் நடக்க வருகிறவர்கள், பதினொரு மணிக்கு வந்து தூங்குகிற லாரி டிரைவர்கள், மூன்று மணிக்குக் கோச்சிங் சென்டர் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருநூறு தாண்டுமாம். “ஆறு மணிக்கு எப்படிம்மா வெரட்டுறது? அப்பத்தான் வருதுக. நானே ஏழு மணி வரைக்கும் விட்டுருவேன். தப்புத்தான்” என்றார்.

கிளம்பும்போது சொன்னார்: “அந்தச் சந்தைப் பத்தி நான் நோட்டுல எழுதி வச்சேனேம்மா. பிப்ரவரி மாசமே எழுதினேன்.”

“எந்த நோட்டுல?”

“புகார் நோட்டுலதான். நீங்க மாசாமாசம் வந்து கையெழுத்துப் போடுவீங்கள்ல, அதுல.”

வயதானவர். வேறு எதையாவது எழுதியிருப்பார். பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 19, திங்கள்

பதிவேடு பார்க்க நேரமில்லை. குடிநீர்க் குழாய் உடைப்பு, மதியம் முழுக்க அங்கேதான்.

ஜூன் 20, செவ்வாய்

நேரமில்லை.

ஜூன் 21, புதன்

கான்ட்ராக்டர் பால்பாண்டி ஆபீஸுக்கு வந்தார். பார்க்கைக் கட்டியவர் அவர்தான். திருத்தும் வேலைக்கும் டெண்டர் போடப்போகிறாராம். என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார்.

“இந்த வெயில்ல அலையாதீங்க மேடம். கார் வெளிய நிக்கிது, ஏசி ஓடுது. நீங்க எறங்கக்கூட வேணாம், போன தடவ மாதிரி.”

“நான் ஆபீஸ் வண்டியில போயிக்கிறேன்.”

“அதுக்குச் சொல்லல மேடம். நான் அன்னைக்கே எறங்கி ஒரு பார்வை பாத்துருங்கன்னுதான் சொன்னேன். அதெல்லாம் நான் யார்கிட்டயும் பேசமாட்டேன். நமக்குள்ள என்ன.”

டீ குடித்துவிட்டுப் போனார். நெறிகள் அறிக்கையில் இன்று எதுவும் எழுதவில்லை. தலைவலி.

ஜூன் 24, சனி

சவரிமுத்துவை நிறுத்தியதிலிருந்து பார்க் அறையின் பீரோச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. இன்று திறந்தேன். பதிவேடு மேலேயே இருந்தது. தேட வேண்டிய வேலையே இல்லை.

பிப்ரவரி 3. “சுத்துற ராட்டினத்துக்கு அடியில புள்ளைக கை போற சந்து இருக்கு. சீக்கிரம் பாக்கவும். சவரிமுத்து.”

அதற்கு மேலே டியூப்லைட் எரியவில்லை. அதற்குக் கீழே குழாய் ஒழுகுகிறது. அந்த மாதம் பதினாறு புகார். பதினாறுக்கும் பக்கத்தில் பச்சை மையில் ‘பார்த்தேன்’ என்று எழுதி ‘செ’ என்று என் கையெழுத்து. எல்லாம் ஒரே மூச்சில் போட்டது. கடைசியில் போட்ட ஏழெட்டில் ‘செ’ வெறும் கோடாக இருக்கிறது.

பதிவேட்டைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏன் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 26, திங்கள்

தட்சிணாமூர்த்தி சார் கேட்டார். “அந்த பார்க் ரிஜிஸ்டர் எங்கம்மா?”

“பீரோவுல இருக்கும் சார்.”

“பழசாயிருச்சுல்ல. கரையான் வேற. புதுசா ஒண்ணு போட்டு, தேவையானத மட்டும் எழுதிக்கலாமே.” பிறகு சொன்னார்: “எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாசம்தாம்மா இருக்கு. ஒனக்கு இன்னும் இருவது வருசம் இருக்கு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

அவர் கெட்டவர் இல்லை. என் பிரசவத்தின்போது மூன்று மாதம் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்.

ஜூன் 29, வியாழன்

பக்ரீத் லீவு. அறிக்கையில் பாதி முடிந்தது. எழுதியதில் சில:

ஒரு பார்க்குக்கு இரண்டு வழி இருக்க வேண்டும். ஒரே கேட் என்றால் அங்கே நான்கு ஆட்கள் நின்றாலே பெண்கள் உள்ளே வரமாட்டார்கள்.

உட்காரும் இடத்துக்கு முதுகுச் சாய்மானமும் பக்கத்தில் பிடிமானமும் வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் எழுந்திருக்கக் கை ஊன்ற இடம் வேண்டும்.

வெளியிலிருந்து உள்ளே தெரிய வேண்டும். உள்ளிருந்து வெளியே தெரிய வேண்டும். உயரமான மதில் பாதுகாப்பு இல்லை.

அம்மா உட்காரும் இடத்திலிருந்து பிள்ளையின் கை தெரிய வேண்டும்.

இந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு ‘கண்காணிப்புப் பார்வைக் கோடு தடையின்றி இருத்தல்’ என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு மறுபடி பழையதையே எழுதினேன்.

ஜூலை 1, சனி

ஹாஜிராவைத் திருச்சியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆபீஸ் சார்பில் என்று சொல்லிக்கொண்டு ஆரஞ்சு வாங்கிப் போனேன். அவள் அம்மா ரஹ்மத் நிஷாவுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கணவர் மலேசியாவில் ஹோட்டல் வேலை. வீட்டில் மாமியார் ஜொஹரா பீவி மட்டும்தான். நான் இருந்த அரை மணி நேரத்தில் மாமியார் உள் அறையிலிருந்து வெளியே வரவில்லை.

ஹாஜிரா இடது கையால் படம் வரைந்துகொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் தனியாக, வேறு யாருடையதோ போல வைத்திருந்தாள்.

ரஹ்மத் நிஷா தாழ்ந்த குரலில் பேசினாள். “எல்லாம் என் தப்புத்தான் மேடம். நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தேன். போன்ல வெளாண்டுக்கிட்டு இருந்தேன்னு மாமிகிட்ட யாரோ சொல்லிட்டாங்க. அல்லா அறிய போன் பைக்குள்ளதான் இருந்துச்சு. கால் வலிச்சுச்சு, செத்த நேரம் உக்காந்தேன். அவ்வளவுதான். மாமி எங்கூடப் பேசி இருவது நாளாச்சு. அவங்க மகனும் பிள்ளைகிட்ட மட்டும்தான் பேசுறாரு.”

எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டேன். நீரூற்றுக்கு எதிரே, இடது பக்கம் மூன்றாவது.

“சரி, உடம்பப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 3, திங்கள்

விசாரணை பன்னிரண்டாம் தேதி. நிறைமதியின் யூனிபார்ம் வந்துவிட்டது, இடுப்பு பெரிதாக இருக்கிறது.

ஜூலை 5, புதன்

எழுதிவிடுகிறேன்.

மே 27 அன்று நான் காரைவிட்டு இறங்கவில்லை. பால்பாண்டியின் கார். ஆபீஸ் வண்டி என்னைச் சாக்கடை வேலை நடக்கிற இடத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து அவர் கூட்டிக்கொண்டு போனார். ஆபீஸ் வண்டி போனது சாக்கடை வரைக்கும்தான். லாக் புக்கில் பார்க் என்று எழுதச் சொன்னது நான்.

இரண்டே கால் மணி வெயில். பார்க் வாசலில் கார் நின்றது. “எல்லாம் பக்காவா முடிச்சிருக்கேன் மேடம், எறங்கி ஒரு பார்வை பாத்துருங்க” என்றார். அவர் சொன்னார். அது உண்மை. நான் “வேணாம், ஃபைலைக் குடுங்க” என்றேன். அப்போது என் அக்கா போனில் இருந்தாள். அவள் மைத்துனர் கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் புடவை எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மடியிலேயே வைத்து ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ‘நேரில் அளந்து சரிபார்க்கப்பட்டது’ என்று அச்சடித்திருந்தது. ராட்டினம் காரிலிருந்து முப்பது அடி தூரத்தில் இருந்தது. நிமிர்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

எனக்கு அன்று உடம்பு சரியில்லாமல் இல்லை. வீட்டில் பிரச்சினை இல்லை. யாரும் மிரட்டவில்லை, யாரும் எதுவும் கொடுக்கவில்லை. வெயிலாக இருந்தது, அவ்வளவுதான். வேறு காரணம் கிடைக்குமா என்று இந்த மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெஞ்சு. அதை நீரூற்றைப் பார்த்து வரைந்தது நான்தான். வரைபடத்தில் எட்டு பெஞ்சும் நீரூற்றைச் சுற்றி ஒரு பூ மாதிரி வந்தது. ஆணையர் பார்த்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். போர்டில் ஆறு மணி என்று எழுதியதும் நான்தான். மின்சாரக் கட்டணம் குறையும் என்று.

ஜூலை 6, வியாழன்

என் கணவர் ஞானசேகரிடம் சொன்னேன். நிறைமதி பள்ளிக்குப் போன பிறகு, அவர் பாலிடெக்னிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது. முழுக்கக் கேட்டார். சட்டையின் கடைசிப் பித்தானைப் போடாமலே உட்கார்ந்துவிட்டார்.

“சும்மா இருந்தா யாருக்குத் தெரியும்?”

“பால்பாண்டிக்குத் தெரியும்.”

“அவன் சொல்லமாட்டான். சொன்னா அவனும்தான மாட்டுவான்.”

“சொல்லமாட்டார். அதான் எனக்குப் பயமா இருக்கு. இனிமே அவர் எந்த ஃபைல நீட்டுனாலும் நான் நிமிந்து பாத்து ஒரு கேள்வி கேக்க முடியாது.”

“சஸ்பெண்ட் பண்ணுவாங்க செண்பகம். பேப்பர்ல பேர் வரும். நிறைமதி ஸ்கூல்ல கேப்பாங்க.”

“ஆமா.”

“எல்லாம் முடிவு பண்ணிட்டு எங்கிட்ட வந்து சொல்ற.”

நான் முடிவு பண்ணியிருக்கவில்லை. அவர் சொன்ன பிறகுதான் முடிவு பண்ணிவிட்டேனோ என்று தோன்றியது. மதியச் சாப்பாட்டை எடுக்காமலே போய்விட்டார்.

ஜூலை 11, செவ்வாய்

அறிக்கையை முடித்துத் தட்டச்சுக்குக் கொடுத்தேன். இருபத்திரண்டு பக்கம். கடைசியில் ஒரு நெறியைச் சேர்த்தேன்: விளையாட்டுக் கருவிகளைப் பிள்ளைகள் வரும் நேரத்தில், பிள்ளைகளின் உயரத்துக்குக் குனிந்து பார்த்துத்தான் ஆய்வு செய்ய வேண்டும், ஆய்வு செய்பவர் ஒவ்வொரு அளவையும் தன் கையாலேயே எழுத வேண்டும்.

ஞானசேகர் ஐந்து நாளாக வேண்டிய வார்த்தை மட்டும்தான் பேசுகிறார். உப்பு எங்கே, சாவி எங்கே.

ஜூலை 12, புதன்

விசாரணை, நகராட்சி ஆணையரின் அறையில் நடந்தது. மண்டல ஆபீஸிலிருந்து வந்த அதிகாரிக்கு அறுபதுக்குப் பக்கத்தில் வயது. இருமல் இருந்தது, வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தார். தட்சிணாமூர்த்தி சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சவரிமுத்துவும் வந்திருந்தார். அவரை வராந்தாவில் நிற்க வைத்திருந்தார்கள்.

“நீங்கதான் பார்க் வேலை முடிஞ்சதுன்னு சான்று குடுத்தது?”

“ஆமா சார்.”

“அப்ப அளவு சரியா இருந்துச்சு. அப்புறம் மண் எறங்கிருக்கலாம். அப்படித்தான?” அவரே வழி போட்டுக் கொடுத்தார். பேனா தயாராக இருந்தது.

“தெரியாது சார். நான் அளக்கல.”

“என்னம்மா?”

“கார்லயே உக்காந்து கையெழுத்துப் போட்டேன். எறங்கல.”

தட்சிணாமூர்த்தி சார் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து பதிவேட்டை எடுத்து வைத்தேன். பிப்ரவரி 3 பக்கத்தைத் திறந்து வைத்தேன். அதிகாரி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார்.

“இந்த ‘செ’ யாரு?”

“நான்தான் சார். படிக்காமப் போட்டது. வாட்ச்மேன் நாலு மாசம் முன்னாடியே எழுதியிருக்கார். ஆறு மணின்னு போர்டு வைக்கச் சொன்னதும் நான்தான். ஜூன்ல அந்த நேரத்துக்குத்தான் பிள்ளைங்களே வரும். அவர் மேல தப்பு இல்ல.”

“இதெல்லாம் எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“வேற யாராவது சொல்லி இப்படிச் சொல்றீங்களா?”

“இல்ல சார்.”

அவர் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். நான்கு பக்கம் எழுதினேன். எழுத்து நன்றாகவே இருந்தது.

வெளியே வந்ததும் தட்சிணாமூர்த்தி சார், “எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்” என்றார். சொல்லியிருந்தால் பதிவேடு இருந்திருக்காது. அது அவருக்கும் தெரியும்.

ஜூலை 20, வியாழன்

சஸ்பென்ஷன். 17(பி) பிரிவின் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் சேர்த்தே கொடுத்தார்கள். பால்பாண்டியைக் கறுப்புப் பட்டியலில் போட நோட்டீஸ் போயிருக்கிறது. பேப்பரில் ஐந்தாம் பக்கத்தில் சின்னதாக வந்தது. என் பெயரைச் செண்பகலட்சுமி என்று போட்டிருந்தார்கள்.

ஞானசேகர் பேப்பரைப் படித்துவிட்டு, “பேரைக்கூடச் சரியாப் போடத் தெரியல” என்றார். இரண்டு வாரத்தில் அவராகப் பேசிய முதல் முழு வாக்கியம். பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜூலை 28, வெள்ளி

பீரோவில் துணி அடுக்கினேன். புளி சுத்தம் செய்தேன். நிறைமதி கேட்டாள், “நீ ஏம்மா ஆபீஸ் போகல?”

“வேலைய ஒழுங்காச் செய்யலன்னு வீட்ல இருக்கச் சொல்லியிருக்காங்க.”

“எங்க மிஸ் வெளிய முட்டி போடச் சொல்வாங்க.”

“அது மாதிரிதான்.”

ஆகஸ்ட் 21, திங்கள்

சவரிமுத்துவை மறுபடி வேலைக்கு எடுத்துவிட்டார்கள். மார்க்கெட்டில் பார்த்தேன். “ரெண்டு மாசம் கோழிக்கடையில நின்னேம்மா. ஈரத்துல நின்னு நின்னு கால் வெரலெல்லாம் புண்ணு” என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவரே முடித்துவிட்டார். “நோட்டுல எழுதுனா படிப்பீங்கன்னு நெனச்சேன். இனிமே போன்ல சொல்லிருவேன். வர்றேம்மா.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை.

செப்டம்பர் 9, சனி

ராட்டினத்தைக் கழற்றிவிட்டார்கள். என் அறிக்கையின்படிதான் வேலை நடக்கிறதாம். புது உதவிப் பொறியாளர் போன் செய்து இரண்டு சந்தேகம் கேட்டார். சறுக்குமரத்தை வடக்குப் பார்த்துத் திருப்பினால் கேட்டிலிருந்து தெரியாதே என்றார். அறிக்கையில் நடச் சொன்ன புங்கமரம் வளரும் வரை மேலே ஓலைப் பந்தல் போட்டால் எந்தத் திசையிலும் வைக்கலாம் என்றேன். பெஞ்சுகளை விளையாட்டுத் திடலைச் சுற்றி வளைவாகப் போடப் போகிறார்கள். அறிக்கையில் என் பெயர் இருக்காது என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பரவாயில்லை என்றேன். பேசி முடித்த பிறகு கொஞ்ச நேரம் பரவாயில்லை என்பது உண்மையாக இல்லை.

அக்டோபர் 12, வியாழன்

இறுதி உத்தரவு வந்துவிட்டது. ஊதிய உயர்வு நிறுத்தம், இடமாற்றம். பக்கத்து மாவட்டத்தில் குடிநீர்ப் பிரிவு. பதினாறாம் தேதி சேர வேண்டும். தினமும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இனிமேல் நிறைமதியை ஸ்கூலில் இருந்து கூட்டி வருவது தன் பொறுப்பு என்று ஞானசேகர் சொன்னார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். அதிகாரி முன்னால் சொன்னது எளிதாகத்தான் இருந்தது. அவருக்கு அது ஒரு தாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு ரஹ்மத் நிஷாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவளே நின்றிருந்தாள், கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பேப்பரில் வந்ததை அவள் பார்த்திருக்கவில்லை. யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். காரை, கையெழுத்தை, நோட்டில் எழுதியிருந்ததை. பிறகு பெஞ்சை.

“நீங்க திரும்பி உக்காரல. உக்காந்தா அந்தப் பக்கம்தான் பாக்கிற மாதிரி பெஞ்சு போட்டது நான். அந்தப் பார்க்குல உக்காந்துக்கிட்டே பிள்ளையப் பாக்க எடமே இல்ல. நான் வைக்கல.”

அவள் கையில் இருந்த துணியை மடித்தாள். மறுபடி பிரித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

“இத எங்க மாமிகிட்ட வந்து சொல்வீங்களா?” என்றாள்.

“சொல்றேன்.”

“இப்பவே?”

“இப்பவே.”

உள்ளே கூட்டிப்போனாள். ஜொஹரா பீவி கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஹாஜிரா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள், மூன்று முழு விரல்களாலும் இரண்டு பாதி விரல்களாலும். வேகமாகவே உரித்தாள். கட்டிலில் இடம் இருந்தது, என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். வாசலில் சொன்னதையே மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்தது தப்பு. குழந்தை கேட்டுக்கொண்டிருந்தாள். ஜொஹரா பீவி வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் கத்தியைத் தட்டில் வைத்தார்.

“கார்ல இருந்து எறங்க எத்தன நிமிசம் ஆகும்?”

“ஒரு நிமிசம் ஆகாதும்மா.”

“ம்.”

“உங்க மருமக மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க கையில போனும் இல்ல. விசாரணையில நானே எழுதிக் குடுத்திருக்கேன். வேணும்னா அந்த நகல் கொண்டாந்து தர்றேன்.”

“நகல் எதுக்கு. நீங்கதான் வாயால சொல்லிட்டீங்களே.” அவர் என்னைப் பார்க்கவில்லை. “என் பேத்திக்கு வெரலு வரப்போறதில்ல. ஒங்கள மன்னிக்கிறதுக்கு எனக்கு மனசும் வரல. அத அவ பெரிசாகி சொல்லட்டும். நீங்க போங்க.”

“சரிம்மா.”

திரும்பினேன். ரஹ்மத் நிஷா துணிகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி என்னோடு வாசலுக்கு வந்து வெயிலில் நின்றாள். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. நான்கு மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு என்பது, அவள் முகம் போன போக்கிலேயே எனக்குத் தெரிந்தது.

“ஏம்மா நிஷா, வெயில்ல நிக்காம உள்ள வா. காலைலருந்து நீ ஒண்ணும் சாப்பிடலயே.”